இலை நனைந்த மழை

கடைசி மரத்துக்கும் மருந்து அடித்து முடித்தேன். முதுகிலிருந்து ஸ்பிரேயரைக்கூட இறக்கவில்லை. மண்டையில் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரே ஒரு மேகம். என் தோட்டத்துக்கு மேலே நின்றது, களவாணிப் பயல் மாதிரி.

“போயிரு,” என்றேன்.

போகவில்லை. சடசடவென்று இறங்கியது.

மாமரம் அத்தனையிலும் பிஞ்சு, கோலிக்குண்டு பருமன். வெயில் தாங்காமல் தினமும் கொட்டியது. பிஞ்சை உதிராமல் நிறுத்த மருந்து இருக்கிறது என்றான் அருப்புக்கோட்டைக் கடைக்காரன். இலையில் காய்ந்து உள்ளே இறங்கணுமாம். அதற்கு முந்தி மழை பட்டால் வீணாம். இன்றைக்கு மழையே கிடையாது என்று செல்போனையும் காட்டினான். எவனையும் நம்பாத நான், அந்தச் சனியனை நம்பினேன்.

இலை நுனியில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி மண்ணில் விழுந்தது.

“திரும்ப அடிக்கணும், சித்தப்பா,” என்றான், கூட அடித்த பாண்டீஸ்வரன்.

“எதுல கலக்கி? ஒன் எச்சியிலயா?”

கிணற்றின் அடியில் கிடந்த தண்ணீரை வழித்து எடுத்துத்தான் இந்த மருந்தையே கலக்கினோம். பருத்தி கருகிவிட்டது. மிச்சம் இந்த மாங்காய்தான்.

பெருவிரலால் தரையைக் கீறினேன். மேலே ஈரம், உள்ளே புழுதி. கிணற்றுக்கும் ஆகாது, வேருக்கும் ஆகாது. மருந்தைக் கழுவ மட்டும் அளந்து பெய்திருக்கிறது.

ஊர்ப்பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. என் பெண்டாட்டி வெள்ளைத்தாய் வரப்பில் ஓடி வந்தாள். தலையெல்லாம் ஈரம். முகமெல்லாம் சிரிப்பு.

“பெஞ்சிருச்சு, பாத்தீகளா!”

நேற்று ஊர்ப் பெண்கள் வீடு வீடாக மழைச்சோறு வாங்கி, வறண்ட கண்மாய்க்குள் உட்கார்ந்து தின்று, ஊரை விட்டே போகிறோம் என்று வானத்தைப் பார்த்து அழுதார்கள். மழை இரக்கப்படட்டும் என்று அப்படி அழுவது வழக்கம். இவள்தான் எல்லாரையும்விட ஓங்கி அழுதாளாம்.

“நல்லா அழுதீகடி! நாய் ஒண்ணுக்குப் போன மாதிரி பெஞ்சு, அடிச்ச மருந்தும் போச்சு. பிஞ்சு பூராம் கொட்டப்போகுது. போயி இன்னொரு குலவை போடு!”

சிரிப்பு நின்றது. இலையைப் பார்த்தாள். நான் கீறிய இடத்தைப் பார்த்தாள். தூறலும் நின்றுவிட்டது.

“நான் வழக்கத்துக்கு அழுகல,” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“திருப்பூர்ல காளிராஜ் நமக்கும் சேத்து வீடு பாத்துட்டான். நாளைக்கே கெளம்பி வரச் சொல்றான். மழை பெஞ்சா நாங்க வரலப்பான்னு சொல்லியிருக்கேன்.”

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மகன் காளிராஜ்தான். எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க... இத மழைன்னு சொல்லலாமா?”