பூவாத்தாளுக்கு எடுத்த விழா

பூவாத்தா என்ற கழுதைக்கு நெடுநாளாய் ஓர் ஏக்கம். பொங்கல் வந்தால் மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசுகிறார்கள். நேபாளத்தில் நாய்க்கு மாலை போடுகிறார்களாம், தாய்லாந்தில் குரங்குக்குப் பழ விருந்து வைக்கிறார்களாம். ஊர் சுற்றும் காகம் சொன்னது.

“எனக்குன்னு ஒரு விழா கிடையாதா அண்ணே?” என்று கழுதை கண் கலங்கியது.

“அதுக்கென்ன தங்கச்சி, நாமளே எடுத்துடுவோம்!” என்று குறுக்கே புகுந்த வெள்ளாடு, விழாத் தலைவர் பதவியையும் தானே எடுத்துக்கொண்டது.

விழா நாள் வந்தது. பந்தல் கால்களைச் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. கூடியிருந்த மிருகங்கள் எல்லாம் பூவாத்தாளைப் பார்த்தன. அதுவும் சுமந்தது. பிறகு வாழைமரம், தண்ணீர்க் குடம், மேளம், கடைசியில் கால் வலிக்கிறது என்று சொன்ன தலைவரையும் சுமந்தது.

மேடையில் ஆடு கழுதையின் பொறுமையைப் புகழ்ந்து வெகுநேரம் முழங்கியது. பேச்சு வாக்கிலேயே கழுதைக்கு வைத்திருந்த மாலையையும் மென்று தீர்த்தது. கூட்டம் கைதட்டியது. முதுகு வலியில் பூவாத்தாளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

விழா முடிந்து, பிரித்த பந்தலைத் திரும்பவும் அதன் முதுகில் ஏற்றின.

“திருப்திதானே தங்கச்சி? அடுத்த வருஷம் இன்னும் பெரிசா எடுத்துடுவோம்” என்றது ஆடு.

“எனக்கே எடுத்தா நல்லாவா இருக்கும் அண்ணே? அடுத்த வருஷம் உங்களுக்கு எடுப்போம். ஊர் ஜனங்களையும் கூப்பிடுவோம். மாலை, மஞ்சத்தண்ணி, பிரியாணி அண்டா எல்லாம் அவங்களே கொண்டு வந்துடுவாங்க.”

ஆடு கழுதையின் முதுகிலிருந்து பந்தல் கால் ஒன்றை இழுத்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.