அறுபதும் ஒரு சமக்குறியும்

“இப்பவே சொல்லிடும்மா, ஃபார்முலா. நான் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல இருக்கேனா, இல்லையா?”

பக்கத்து சீட் அண்ணன் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. மேசை டிராயரைக்கூட காலி செய்துவிட்டார். சட்டை இஸ்திரி கண்டு எத்தனை நாளோ. நாற்காலி முதுகில் தொங்கும் பூப்போட்ட சின்னக் குடை மட்டும்தான் புதுசு.

“இன்னும் ஃபார்முலாவே போடலண்ணா. சும்மா நைநைன்னு அரிக்காதீங்க!”

எக்செல் ஷீட்டும் ஃபார்முலாவும் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. ஆபீசில் ‘ஃபார்முலா’ என்ற பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். இன்றைக்கு என்னவோ அவளுக்கே கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

விண்ணப்பம் சரிபார்ப்பதில் தப்பு விட்டால் மதிப்பெண் குறையும். வருஷக் கடைசியில் அறுபதோ, அதற்குக் கீழோ இருப்பவர்களை மலைமேல் கிளைக்குத் தூக்கியடிப்பார்கள். “மத்தவங்க தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துவாங்க, நம்மாளுங்க தண்ணி மட்டுமே இருக்கிற காட்டுக்கு மாத்தறாங்க” என்று கேன்டீனில் ஒரே கிண்டல். அங்கே அப்படி ஒரு மழை.

அவசரத்தில் =< என்று தட்டிவிட்டாள். ஷீட் ஏற்க மாட்டேன் என்றது. “ஐயோ, அம்புக்குறி முதல்ல, சமக்குறி அப்புறம்! எனக்கேவா?” என்று தலையில் தட்டிக்கொண்டு திருத்தினாள்.

=IF(C2<=60,"மாற்றம்","இங்கேயே")

கடைசி வரி வரைக்கும் இழுத்துவிட்டாள். அண்ணனின் வரியில் கண் நின்றது. அறுபது. மாற்றம்.

போன வருஷம் ஆபீசுக்கே முதல் ஆள் இந்த மனுஷன். என்ன கஷ்டமோ, யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு குறைந்திருந்தால் பிழைத்திருப்பார்.

எழுந்து மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

“சார், அறுபதுக்குக் கீழன்னு மட்டும் வச்சுக்கலாமா? சரியா அறுபதுல நிக்கிறது ஒரே ஒருத்தர்தான். பாவம் சார்.”

“அங்க ஆள் போதும்னு இப்பதான் போன் பண்ணாங்க. அந்த ஒருத்தரை எடுத்துடு போ. ஆனா ஒண்ணு, லிஸ்ட் மேல போயிடுச்சுன்னா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது.”

பறந்து வந்தாள். சமக்குறியை அழித்தாள். மறுபடி இழுத்தாள். அண்ணனின் வரியில் ‘இங்கேயே’ என்று வந்து உட்கார்ந்தது. வேறு யாரும் வாய் திறப்பதற்குள் லிஸ்ட்டை அனுப்பியும்விட்டாள்.

“அண்ணா! ட்ரீட் எடுத்து வைங்க! நீங்க எங்கயும் போகல!”

அண்ணன் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“அறுபதுன்னா மாற்றம்தானேம்மா?”

“நான்தான் சார்கிட்ட பேசி சமக்குறியைத் தூக்கிட்டேன். உங்களுக்காகத்தாண்ணா!”

அவர் மெல்ல அந்தக் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என் பொண்டாட்டிக்கு அந்த மலை ஊர்லதான்மா வேலை. பொண்ணும் அங்கதான் படிக்கிறா. மாத்தி விடுங்கன்னு போன வருஷமே கேட்டேன். நல்லா வேலை செய்யறவரை விட மாட்டோம்னுட்டாங்க.”

“அப்ப... வேணும்னேவாண்ணா? அப்படின்னா இன்னும் கொஞ்சம் குறைச்சு, ஒரு அம்பத்தஞ்சுல நின்னிருக்கலாமே!”

“அதுக்கு மேல தப்பு பண்ண எனக்குக் கை வரலையேம்மா!”