தம்பியின் முகம்

முத்தியால்பேட்டை வாசகசாலைக்குள் விழும் காலை வெயில் புதுப்படத்தின் வார்னிஷில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால், பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று போன ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னே ஓடிக் குண்டடிபட்டுச் செத்த பன்னிரண்டு வயது வடிவேலுக்காக வரைந்த படம். அவனுக்குப் போட்டோவே கிடையாது. அதனால் ஓவியர், இப்போது அதே வயதை எட்டியிருக்கும் அவன் தம்பி சிகாமணியைக் கண் சிமிட்டாதே என்று சொல்லி மூன்று நாள் ஸ்டூலில் உட்காரவைத்து வரைந்துவிட்டார். புருவத்துத் தழும்புகூடத் தம்பியுடையதுதான். வாசகசாலைத் தலைவர் சம்பங்கிப்பூ மாலையை எடுத்து விரிக்கிறார். நாரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முன்வரிசையில் இருந்த தாய் செல்வாம்பாள் எழுந்துவிடுகிறாள். "ஐயா, மால வாணாங்க. பூவ கீழ வெச்சிடுங்க." பெற்ற வயிறு தாங்கவில்லை என்று நினைத்து அவர், "அழாதம்மா, அவன் நம்ம எல்லாருக்கும் புள்ள," என்கிறார். "அது அவன் மொகம் இல்லீங்க, உசுரோட இருக்கறவன் மொகம்," என்று அவள் சொல்வது கைதட்டலில் அமுங்கிப்போகிறது. படத்தின் கழுத்தில் மாலை விழுகிறது. பக்கத்து நாற்காலியில் சிகாமணி, ஓவியர் பழக்கிய அதே மாதிரி, முகவாயை நிமிர்த்தி அசையாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். செல்வாம்பாள் அவன் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "கண்ண சிமிட்டுடா, சிகாமணி. ஒரே ஒரு தரம் சிமிட்டுடா."