இடக்கைப் பக்கம்

“படலையைத் திறவாதை. உவள் வந்த வழியே போகட்டும்.”

கனகரத்தினம் சொல்லி முடிக்க முதலே பூரணம் படலையைத் திறந்துவிட்டாள். புருசனுடைய கூடப்பிறந்த தங்கச்சி, இணுவிலிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். வெயிலில் நிற்பாட்டவா முடியும்?

“வாங்கோ மச்சாள், வாங்கோ.”

மீனாம்பிகை தூணைப் பிடித்துக்கொண்டு, படியைக் குனிந்து பார்த்துப் பார்த்து ஏறினாள். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த தமையன் முகத்தை முற்றத்துப் பக்கமே வைத்திருந்தார்.

மூன்று மாதத்துக் கோபம். இணுவில் கந்தசுவாமி கோயில் தேரன்று, சண்டிலிப்பாயிலிருந்து சால்வையும் தானுமாகப் போன மனுசன், வீதியில் தங்கச்சியைக் கண்டு கையை உயர்த்தினார். ஒரு முழம் தள்ளித்தான் வந்தாள். திரும்பிக்கூடப் பாராமல் போய்விட்டாள். “தங்கச்சியார் பெரிய இடமாகிட்டா போலை, அண்ணை” என்று பக்கத்தில் நின்ற நடராசா சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதுக்குள் கிடக்கிறது.

அன்றோடு கதை பேச்சு நின்றது. போன மாதம் அவளுடைய மகள் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியச் சடங்குக்குத் தண்ணி வார்க்கத் தாய்மாமன் போகவில்லை. ஆரோ தூரத்து உறவுக்காரனைப் பிடித்து வார்த்தார்களாம்.

பூரணம் இரண்டு மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஒன்றை மச்சாளின் கையில் கொடுத்தாள். மற்றதைப் புருசனின் இடப்பக்கத்து முக்காலியில் வைத்தாள்.

“அண்ணை, தேரிலை நான் வேணுமெண்டு போகேல்லை. உங்களை எனக்குத் தெரியேல்லை.”

“நான் என்ன ஊசியோடி, தெரியாமல் போறதுக்கு?”

“என்ரை கண்ணிலை வருத்தம், அண்ணை. நேரை பார்த்தால் எழுத்தும் தெரியுது, ஆளும் தெரியுது. பக்கத்தாலை வாறது ஒண்டும் தெரியாது. குழலுக்குள்ளாலை பார்க்கிற மாதிரி. நோவும் இல்லை, சிவப்பும் இல்லை, அதாலை எனக்கே விளங்கேல்லை. கண்ணுக்குள்ளை அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போச்செண்டு டொக்டர் சொல்லுறார். போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இப்ப சொட்டு மருந்து விடுறன்.”

“நந்தியாவட்டைப் பூ ஒத்தினால் மாறிற வருத்தத்துக்கு டொக்டரோ? மூண்டு மாசமாய் யோசிச்சு நல்ல வருத்தமாய்த்தான் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்.”

“பூ ஒத்தி ஒத்தித்தான் நானும் இரண்டு வருசத்தை விட்டனான்.”

“இப்ப என்ன, நான் வந்து மன்னிப்புக் கேக்கட்டோ?”

“நான் என்ரை கதை கதைக்க வரேல்லை, அண்ணை. உது இரத்தத்தோடை வாறதாம். கூடப்பிறந்தவையும் கண்ணைக் காட்ட வேணுமாம். உங்களுக்கும் டொக்டரிட்டை ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தனான், வாற செவ்வாய்க்கிழமைக்கு.” அவளுடைய குரல் இறங்கியது. “ஐயாவை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. கடைசிக் காலத்திலை கதவு நிலையிலை எல்லாம் தோள் அடிபட்டுத் திரிஞ்சவர். சனம் வெறியெண்டு சொல்லிச்சுது. அந்த மனுசன் ஒருநாளும் கள்ளுத் தொட்டவரே? தோட்டக் கிணத்துக்குள்ளை விழுந்ததும்…”

“செத்த மனுசனை ஏனடி இழுக்கிறாய்!” கனகரத்தினத்துக்கு முகம் கறுத்தது. “என்ரை கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. உந்தா, வேலியடியிலை நாற்றுமேடை. அதிலை நிக்கிற புகையிலைக் கண்டை இதிலை இருந்தபடி எண்ணிச் சொல்லட்டோ?”

சொன்ன வேகத்தில் கையை வீசினார். முக்காலியில் இருந்த பேணி தெறித்து உருண்டது. தேத்தண்ணி விறாந்தை முழுக்கப் பாய்ந்தது.

“கோவத்தைப் பேணியிலையே காட்டுறது?” என்று பூரணம் பழஞ்சீலைத் துண்டோடு ஓடிவந்தாள்.

மீனாம்பிகை உருண்டு போன பேணியைப் பார்த்தாள். தமையனைப் பார்த்தாள்.

கனகரத்தினம் நாற்றுமேடையில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. தான் இரங்கினால் இவள் வென்றுவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

கனநேரம் கழித்துப் படலை சாத்துகிற சத்தம் கேட்டது.

“போட்டாளோ?”

“போட்டா.” பூரணம் நிலத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“பார்த்தியே உவளின்ரை எடுப்பை? ஒரு சொல்லுச் சொல்லாமல் போறாள். துண்டு கொண்டந்தனான் எண்டாளே, அதையாவது காட்டினாளே? எல்லாம் பொய், வெறும் வாய்க்கதை.”

பூரணத்தின் கை நின்றது. அவள் நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

“என்னப்பா கதைக்கிறியள்? உங்கடை இடக்கைப் பக்கத்திலை அந்தத் துண்டை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நிண்டவ. கண்ணாலை தண்ணி ஓடுது. நீங்கள் கோவத்திலை திரும்பேல்லை எண்டெல்லோ நான் பேசாமல் இருந்தனான். கடைசியிலை முக்காலியிலை வைச்சிட்டுப் போனவ. உதிலைதானே கிடக்கு.”

கனகரத்தினம் கழுத்தை மெல்ல மெல்ல இடப்பக்கம் திருப்பினார்.

பாதி திரும்பும் வரைக்கும் அங்கே ஒன்றுமே இல்லை. அதுக்குப் பிறகுதான் முக்காலி வந்தது. அதன்மேல் அந்தத் துண்டும்.