ஜமீலாவின் இந்தி

"ஊரையே ஏமாத்திக்கினு கீறியே, உனக்கே நல்லா கீதாம்மா?"

ஆவடி லைப்ரரி வாசலில் ஜமீலாவை மடக்கிவிட்டான் எங்கள் கோட்டர்ஸ் உத்தமன். அவள் பையில், கத்தரிக்காய்க்கு அடியில், தடியாக ஒரு தமிழ்ப் புராணப் புத்தகம்.

எண்பத்தெட்டாம் வருஷம். எங்கள் ஃபேக்டரி கோட்டர்ஸில் முக்கால்வாசிப் பேருக்கு மன்றத்து டி.வி.தான் கதி. ஞாயிறு காலை இந்தியில் சாமி தொடர் வரும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, டி.வி. பெட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் உட்காருவோம். அடடா, அது ஒரு காலம்!

இந்தி ஒரு எழுத்து தெரியாது எங்களுக்கு. ஃபிட்டர் சுலைமானின் மனைவி ஜமீலாதான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வாள். பாய் வீட்டுப் பொண்ணுக்கு உருது தெரியும், உருது தெரிஞ்சா இந்தி தெரியாதா என்று அவளைக் கூட்டிவந்து நிறுத்தியது கேன்டீன் கெங்கம்மாள்.

"அண்ணே, நான் கடையநல்லூர்க்காரி. எங்க வீட்டுல தமிழ் மட்டும்தான். இந்தியும் தெரியாது, உருதும் தெரியாது" என்றாள் ஜமீலா. கண் கலங்கிவிட்டது.

"அப்ப வாராவாரம் சொன்னதெல்லாம்?"

"இதைப் படிச்சு வச்சுக்கிட்டு, டி.வி.யில வர்ற ஆளைப் பாத்துச் சொல்லுவேன். கெங்கம்மாக்கா அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டாங்க. தெரியாதுன்னு சொல்ல மனசு வரலை. யார்கிட்டயும் சொல்லிராதீங்கண்ணே. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வருவேன்?"

உத்தமனிடமா இது நடக்கும்? தொடர் முடிந்ததும் மன்றத்து வாசலில் வாராவாரம் பேச்சுக் கச்சேரி வைப்பவன் அவன். "அரசாங்க டி.வி.யில மந்திரி ரிப்பன் வெட்டுறதுதான் நியூஸா? உள்ள நடக்குறத ஜனங்களுக்குக் காட்டு! மறைக்கிறவன் எவனும் யோக்கியன் இல்ல!" என்று அவன் கத்தினால் டீக்கடை வரைக்கும் கேட்கும்.

"டெல்லிக்காரன் மறைச்சா தப்பு, நீ மறைச்சா சரியா? நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லத்தான் போறேன்" என்று போய்விட்டான். என்ன ஜென்மமோ!

மறுநாள் கற்பூரம் காட்டியாயிற்று. ஜமீலா வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

உத்தமன் எழுந்தான். "ஒரு நிமிஷம். உங்க எல்லாருக்கும் ஒரு உண்மை தெரியணும்."

கெங்கம்மாள் அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"இன்னாடா உண்மை? அதுக்கு இந்தி தெரியாதுன்றதா?"

உத்தமன் வாயைப் பிளந்தான். "உனக்குத் தெரியுமா?"

"பொட்டில அந்தத் தாடிக்காரரு ரெண்டு வார்த்தை பேசுனா, இது பத்து வார்த்தை சொல்லுது. தெரியாம இன்னா? உள்ள குந்திகினு கீற அத்தினி பேருக்கும் தெரியும். கூத்துல பாத்த கதைதானேடா. எங்களுக்கு இன்னாத்துக்கு இந்தி?"

"அப்புறம் ஏன் இட்டாந்து நிறுத்துனே?"

கெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஏழாம் மாசத்துல கொயந்த போச்சு அதுக்கு. மூணு மாசம் கதவத் தெறக்கல, சோறு துன்னல, யார்கிட்டயும் ஒரு பேச்சு இல்ல. ஊட்ட உட்டு வெளிய வரவைக்க ஒரு சாக்கு வாணாமா? நீ இல்லாம நாங்க கதை கேக்க முடியாதும்மான்னு சொன்னேன். எழுந்து வந்துச்சு."

உத்தமன் உள்ளே வந்தான். நாங்கள் அத்தனை பேரும் அவனையே பார்த்தோம். ஜமீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னாப்பா உண்மை?" என்றார் முன்வரிசையில் இருந்த தங்கவேல்.

உத்தமன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டி.வி. சத்தத்தைக் கொறைங்கப்பா. ஜமீலா சொல்றது பின்னாடி கேக்கவே மாட்டேங்குது."