ஒரு கிண்ணம், இரண்டு கரண்டி

ஒரே கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டு குல்ஃபி வந்தது. அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் சக்ஸேனாவோ, வெயிலில் அது கரைந்து விரலெல்லாம் வழியும் வரை கையில் ஏந்திக்கொண்டே நின்றார்.

சண்டை முற்றித்தான் போயிருக்கிறது என்று முஜ்தபா முடிவு கட்டினான். பன்னிரண்டு வருஷமாக லக்னோவைச் சுற்றிக் காட்டுகிறவன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அவன் பார்க்காத ரகமில்லை.

காலையில் முன்பதிவுச் சீட்டை வாங்கிப் பார்த்தபோதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. ‘திரு, திருமதி சக்ஸேனா, கான்பூர். புதுமணத் தம்பதி சுற்றுலா’ என்று அச்சடித்திருந்தது. பழைய தேதியை அடித்துவிட்டு இன்றைய தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். ரோஜா மாலை இரண்டு, குல்ஃபி ஒரு கிண்ணம், ஜோடியாக ஒரு படம், எல்லாம் அதில் அடக்கம்.

“ஆபீஸ்ல கண்ண மூடிக்கிட்டு டைப் அடிச்சிருக்கானுங்க, பாபுஜி. இல்ல, நெஜமாவே புதுசா கட்டிக்கிட்டீங்களா?”

சக்ஸேனா சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாலை வேண்டாம் என்று அந்த அம்மாள் கையசைத்துவிட்டார்.

அப்புறம் போன இடமெல்லாம் இரண்டு பேரும் பத்தடி தள்ளித்தான் நடந்தார்கள். பேச்சும் முஜ்தபா வழியாகத்தான்.

“அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க, தம்பி.”

“வேணாம்னு சொல்லுங்க.”

ரூமி தர்வாஸா முன்னால் படம் எடுக்கலாம் என்றான். “நாங்க நிக்கல. வாசலை மட்டும் எடுங்க” என்றார் அம்மாள். முஜ்தபாவும் வெறும் வாசலைப் படம் எடுத்துக் கொடுத்தான். அட ஆண்டவா, இப்படியும் ஒரு ஜோடியா!

ஒரே ஒரு தரம், படியில் அம்மாளின் கால் தடுக்கியது. சக்ஸேனா பதறிப்போய், “பாத்துங்க, நீங்க இந்த ஓரமா வாங்க” என்றார். முஜ்தபாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. லக்னோவில் கைக்குழந்தையைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய மனைவியை யாராவது நீ என்றால் அவனுக்குக் காது கூசும்.

“கான்பூர்க்காரங்க வாடி போடின்னுதான் பேசுவாங்கன்னு நெனச்சேன். நீங்க சண்டையிலயும் மரியாதைய விடலயே, பாபுஜி! அசல் எங்க ஊரு மாப்பிள்ளைதான் போங்க!”

அம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முன்னால் நடந்தார்.

முஜ்தபாவின் வீட்டிலும் பத்து நாளாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. பத்து நாளாகத் தின்ற ரொட்டி எதுவும் அவனுக்கு ருசிக்கவில்லை. இந்த வயசுக்கு மேல் இவர்களுக்கு எதற்கு இந்த வீம்பு? சாயங்காலம் ரயில் ஏறுவதற்குள் இவர்களை ஒரு வார்த்தையாவது மனசு விட்டுப் பேசவைத்தே தீருவது என்று அவன் தனக்குள் சபதம் போட்டுக்கொண்டான்.

நவாப் காலத்து மண்டபமான பெரிய இமாம்பாடாவில் செருப்பைக் கழற்றவைத்து, இருட்டுப் படிகளில் ஏற்றி, மண்டபத்துக்கு மேலே ஓடும் மாடத்துக்குக் கூட்டிவந்தான்.

“இந்தக் கோடியில காகிதத்தக் கிழிச்சா அந்தக் கோடியில கேக்கும். பாக்குறீங்களா?” சக்ஸேனாவின் பையிலிருந்து எட்டிப் பார்த்த சீட்டை உரிமையோடு உருவினான்.

“ஐயோ, அதக் கிழிச்சிராதீங்க!” அவர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார்.

முஜ்தபா அசடு வழிந்தான். தன்னிடம் இருந்த பழைய செய்தித்தாளைக் கிழித்துக் காட்டிவிட்டு, அவரை அங்கேயே சுவரோரம் நிறுத்தினான்.

“சுவத்துகிட்ட வாய வச்சு மெதுவாச் சொல்லுங்க, பாபுஜி. மொகத்தப் பாத்துச் சொல்ல முடியாததயெல்லாம் இங்க சொல்லிரலாம். தப்பு உங்க மேலன்னா ஒரு மன்னிப்பு கேட்டுருங்க. அதனால ஒண்ணும் கொறஞ்சுபோயிர மாட்டீங்க.”

சக்ஸேனா அவனை ஏறிட்டுப் பார்த்தார். “தப்பு எங்க பக்கந்தான், தம்பி.”

அம்மாளை அழைத்துக்கொண்டு முஜ்தபா மறுகோடிக்கு நடந்தான். அவர் சுவரில் காதை வைத்தார். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அவனும் பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டான்.

வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் விசும்பல்.

“என்னை மன்னிச்சிருங்க. அன்னிக்கு இங்க வர்ற வழியில நடந்த விபத்துல காரை ஓட்டினது என் பையன்தான். இந்தச் சீட்டு எடுத்ததும் அவன்தான். ஒரு வருஷமா உங்க மொகத்துல முழிக்கத் தைரியமில்ல.”

முஜ்தபாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என் பையன் என்கிறாரே! அப்படியானால் இந்த அம்மாள் யார்? அடித்துத் திருத்திய தேதியும், ஆளில்லாத அந்த வாசல் படமும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வர, ஊர் வந்து சேராமலே போய்விட்ட அந்தப் புதுமணத் தம்பதி யாரென்று அவனுக்குப் புரிந்தது.

அம்மாள் கண்ணை மூடி நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். கண்ணீர் தாடை வரை இறங்கியது. பிறகு சுவரோடு சுவராக, மெதுவாகச் சொன்னார்.

“அவசரப்படுத்தினது என் பொண்ணாத்தான் இருக்கும், சம்பந்தி.”