முழுங்கினால் கூப்பிடுங்க

"முறுக்கு குடுத்தியா? உண்மையச் சொல்லு!"

அமலராணி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்துகொண்டது. மடியில் ஏழு வயசு மகள் நான்சி. பாய் முழுக்கக் காப்பி டிகாஷன் மாதிரிக் கறுப்பாக வாந்தி, நடுவில் புது ரத்தம். டான்சில் ஆபரேஷன் முடிந்து அன்றைக்கு எட்டாம் நாள்.

பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வீட்டிலேயே முறுக்கு சுட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு கடைகளுக்குப் போடுகிறவள். சத்தம் கேட்டுப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். முந்தானையில் முறுக்குத் தூள். அமலராணிக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"இல்ல டீச்சர். புள்ளைக்கு நான் ஒண்ணும் குடுக்கல. தூக்கத்துல மடக்கு மடக்குன்னு முழுங்குதேன்னு அப்பவே வந்து சொன்னேன்ல?"

சொன்னாள்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால். "ஐஸ்கிரீம் திங்கிற மாதிரி கனாக் காணுறா அக்கா" என்று சிரித்து அனுப்பியதும் அமலராணிதான். இப்போது அக்கா போய் நீ வந்துவிட்டது.

"டாக்டர் குடுத்த பேப்பரை உனக்கு வரிவரியா வாசிச்சுக் காட்டினேன்ல? முறுக்கு, மிச்சர் எதையும் கண்ணுல காட்டக் கூடாதுன்னு! படிக்காததுகளை வீட்டுக்குள்ள விட்டது என் தப்பு!"

சுப்புத்தாய் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஆட்டோவில் அமலராணிக்குப் புருஷன் போட்ட சத்தம்தான் காதில் கேட்டது. புருஷன் ராயப்பராஜ் ஆபரேஷனே வேண்டாம் என்றவன். மாசத்துக்கு ஒரு காய்ச்சல், எடுத்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் இவள். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்திவிட்டுத்தான் கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தான்.

டாக்டர் நான்சியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"கடிச்சுத் திங்கிற மாதிரி ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இவதான் டாக்டர். முறுக்கு குடுத்துட்டா."

"முறுக்கு கீறின மாதிரி தெரியலயே. ரெண்டு பக்கமும் ஊறிக்கிட்டே இருக்கு, உறையவே மாட்டேங்குது. நான் எழுதினதைத் தவிர வேற மாத்திரை குடுத்தீங்களா?"

"அது வந்து டாக்டர்..."

"மென்னு முழுங்காம சொல்லுங்கம்மா! நேரமில்ல."

"காது வலிக்குதுன்னு அழுதா. சிரப் தீந்துபோச்சு. என் ஹேண்ட்பேக்ல இருந்த தலைவலி மாத்திரைய... பாதிப் பாதியா... மூணு நாளா."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய மாத்திரை அட்டையை டாக்டர் பிடுங்கிப் பார்த்தார்.

"ஆஸ்பிரின்மா அது! ரத்தத்தை உறைய விடாது. ஒரு வாரம் கழிச்சுப் புண்ணுல இருக்குற பொருக்கு உதிரும். அப்ப சில புள்ளைகளுக்குத் தானாவே ரத்தம் வரும். அதுல போயி இதையும் குடுத்தா? பேப்பர்ல மொத வரியே அதுதானே? படிக்கலையா நீங்க?"

அமலராணி மூணாம் வகுப்பு டீச்சர். முறுக்கு என்ற வரியைத்தான் அவ்வளவு சத்தமாக வாசித்திருந்தாள்.

கதவோரம், ரத்தம் தோய்ந்த துண்டோடு சுப்புத்தாய் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

மாதா புண்ணியத்தில் நான்சி பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து டிரிப்ஸைச் சரிபார்த்தபடி சொன்னாள். "வெளிய ரத்தம் தெரியலன்னு அசந்துறாதீங்க. புள்ளைங்க சத்தமில்லாம முழுங்கிரும். முழுங்கிக்கிட்டே இருந்தா உள்ளுக்குள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம். ஒடனே என்னையக் கூப்பிடணும்."

நான்சியும் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ராயப்பராஜ் பையும் கையுமாக உள்ளே வந்தான். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கியது. பிறகு நிமிர்ந்தான்.

"ஏதோ குடுத்துத்தான் இப்படி ஆச்சாமே! யாரு என்னத்தக் குடுத்தது?"

அமலராணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, பிள்ளையின் போர்வையைச் சரி பண்ணினாள்.

"நாந்தேன் தம்பி." ஆறின கஞ்சித் தூக்கோடு மூலையில் நின்ற சுப்புத்தாய் சொன்னாள். "புள்ள கேட்டுச்சேன்னு ஒரே ஒரு முறுக்கு... புத்தி கெட்டுப்போயி குடுத்துட்டேன்."

அமலராணி திடுக்கிட்டுப் பார்த்தாள். சுப்புத்தாய் அவள் பக்கமே திரும்பவில்லை.

ராயப்பராஜ் வார்த்தையை அளந்து பேசவில்லை. கொலைகாரி என்றான். இனிமேல் என் வாசல்படி மிதிச்ச, காலை ஒடிச்சிருவேன் என்றான். வார்டே எட்டிப் பார்த்தது. சுப்புத்தாய் தூக்கைக் கட்டிலடியில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

அவன் திரும்பி மனைவியின் தோளைத் தொட்டான். "நல்லவேளை, நீ பக்கத்துல இருந்த. இல்லன்னா புள்ள நமக்கில்ல."

உண்மை அமலராணியின் தொண்டை வரைக்கும் வந்தது. எச்சிலை முழுங்கினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் முழுங்கினாள்.

கட்டிலிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு நர்ஸின் விரலைப் பிடித்து இழுத்தது. புண்ணான தொண்டையிலிருந்து குரல் கீச்சென்று வந்தது.

"சிஸ்டர்... எங்கம்மா முழுங்கிக்கிட்டே இருக்காங்க."